நான் சொல்லி வாங்கிய டிரில் செட் இல்லை அது

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்புளியில், அண்ணனின் புது வீட்டில், அவர் வாங்கிய டிரில் எல்லார் முன்னாலும் நின்றுபோனது, பழி என் மேல் விழுந்தது; இது உங்களில் பாதிப் பேருக்கு நேரில் தெரியும். மீதிப் பேருக்கு அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அண்ணன் என் பெரியப்பா மகன், மூத்தவர், புது வீடு கட்டிய சந்தோஷத்தில் இருக்கிறார், போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்று பாம்பனில் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "நீங்க சொல்லித்தான் அந்த டிரில் செட்டை வாங்கினாராமே?" என்று கேட்டார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

நான் சொல்லி வாங்கவில்லை. நான் வேண்டாம் என்று சொன்ன செட் அது.

அண்ணன் இரண்டு மாதம் முன்னால் கேட்டார். வீட்டு வேலைக்கு வயர் இல்லாத டிரில் எது வாங்கலாம் என்று. ஆறு நிமிடத்துக்குக் குரல்பதிவு அனுப்பினேன், இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் சொன்னது ஒன்றே ஒன்று: "பெட்டியில எத்தனை உருப்படின்னு பாக்காதீங்கண்ணே, பேட்டரியைப் பாருங்க." பதினெட்டு வோல்ட், இரண்டு பேட்டரி, அதே பேட்டரியில் நாளைக்கு வேறு மெஷினும் ஓடும் கம்பெனி. இவ்வளவுதான். அவர் வாங்கியது நூற்றுக்கு மேல் உருப்படி உள்ள பெட்டி. டிரில், இரும்பு அறுக்கும் கிரைண்டர், இரண்டு பேட்டரி, பேட்டரி மேல் பெரிய எழுத்தில் 48 வோல்ட்.

அந்த 48-ஐப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது. லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18. முழுதாக சார்ஜ் ஏறியதும் ஒவ்வொன்றும் 4.2-க்குப் போகும், அப்போது 21. அதனால்தான் ஒரே அளவு பேட்டரியை ஒருவர் 18 என்கிறார், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 21 என்கிறார். அது வரைக்கும் சரி. 48 வேண்டும் என்றால் ஏறக்குறைய 13 செல் வரிசையாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செத்துப்போன அந்தப் பேட்டரியின் அடியில் நாலு திருகைக் கழற்றிப் பார்த்தேன் (நீங்கள் யாரும் செய்யாதீர்கள், உள்ளே ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்). உள்ளே இருந்தது ஐந்து செல். எண்ணிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

வோல்ட்டோடு ஆம்பியர் ஹவரும் பார்க்க வேண்டும். பதினெட்டு வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால் இரண்டையும் பெருக்கி 36 வாட் ஹவர். 4 என்றால் 72. பேட்டரிக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைச் சொல்லும் கணக்கு இது. பெட்டியில் எத்தனை உருப்படி என்பது எதையும் சொல்லாது. உருப்படி என்று எண்ணிக் கொடுப்பதில் பாதி, திருகு முடுக்கும் சின்னச் சின்ன முனைகள், ஓட்டை போடும் மெல்லிய பிட்டுகள், திருகு பிடிக்கச் சுவர் ஓட்டையில் செருகும் பிளாஸ்டிக் பிளக்குகள். நம் ஊர் உப்புக் காற்றில் அந்த இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை ஆயுசு முழுக்கப் பெயின்ட் அடித்தே காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்தக் காற்றுதான் உங்கள் டிரில் பெட்டிக்குள்ளும் போகிறது. நூறு உருப்படிக்குக் கொடுக்கும் காசில் 6, 8, 10 மில்லிமீட்டரில் கார்பைடு என்ற மிகக் கடினமான முனை வைத்த நல்ல பிட் மூன்று வாங்கலாம். திருகும் அப்படித்தான். முலாம் பூசியது வேண்டாம், ஸ்டெயின்லெஸ்ஸிலும் 316 ரகம் என்று கேளுங்கள். மாலிப்டினம் சேர்ந்தது, உப்புக்கு 304 ரகத்தை விட நன்றாகத் தாங்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அண்ணன் ஸ்கிரீன் கம்பி மாட்ட லிண்டலில், அதாவது ஜன்னல், கதவுக்கு மேல் வரும் கான்கிரீட் விட்டத்தில், ஓட்டை போட்டார். அரை அங்குலம் போனது. பிட் முனை நீலமாகி, மெஷினிலிருந்து வாசம் வந்து, நின்றுவிட்டது. இருபது பேர் நிற்கிறார்கள். அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்து, "உன் பேச்சைக் கேட்டு வாங்கினேன் பாரு" என்றார்.

நியாயமாகவே சொல்கிறேன், லிண்டல் கான்கிரீட் எந்த சின்ன டிரில்லுக்கும் கஷ்டம்தான். சுற்றும்போதே அடிக்கவும் செய்யும் சாதாரண ஹாமர் டிரில்லில், பல் வைத்த இரண்டு வட்டுகள் உரசித்தான் அந்த அடி உண்டாகிறது. நாம் அழுத்துகிற அளவுக்குத்தான் அது வேலை செய்யும். கான்கிரீட்டுக்கு ரோட்டரி ஹாமர் வேண்டும். உள்ளே காற்றை அழுத்திப் பிஸ்டன் அடிக்கும், அதற்கென்றே தனிப் பிடி உள்ள எஸ்டிஎஸ் பிட் போடுவார்கள். வருஷத்துக்கு நாலு ஓட்டைக்கு அதை வாங்க வேண்டாம், ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். இதையும் அந்தக் குரல்பதிவில் சொல்லியிருக்கிறேன், நாலாவது நிமிடத்தில். அன்று லிண்டலை விட்டுவிட்டு, அதற்கு மேலே ஒரு சாண் தள்ளி செங்கல் கட்டில் எட்டு ஓட்டை போட்டு கம்பியை மாட்டினேன். என் டிரில்லில். அதை யாரும் பேசவில்லை.

"கரன்ட் இருக்கிற வீட்டில் எதுக்கு பேட்டரி? வயர் டிரில் பாதி விலைக்கும் குறைவாக் கிடைக்குதே" என்பார்கள். உண்மை. சுவரில் மட்டும் ஓட்டை, அதுவும் எப்போதோ ஒரு தடவை என்றால் வயர் டிரில்லே வாங்குங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். "பெரிய கம்பெனிக்கு விளம்பரம் செய்றே" என்று ஒருவர் சொன்னார். எந்தக் கம்பெனி பெயரையும் நான் சொல்லவில்லை. சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றேன், நமக்குப் பெரும்பாலும் மதுரைதான். இதில் விளம்பரம் எங்கே வந்தது?

"ஆளைக் கூப்பிட்டா முடிஞ்சது" என்பவர்களுக்கு என்ன சொல்ல. என் கணவர் ஆறு வருஷமாகக் கத்தாரில். இரண்டு ஓட்டைக்காக ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரை யார் வருகிறார்கள்? வருகிறேன் என்று சொன்னவருக்காக எத்தனை நாள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டின் முன்பகுதி பழைய முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர், சுண்ணாம்புக் காரை. ஹாமரில் வைத்தால் ஓட்டை வாய் உதிர்ந்து பெரிதாகிவிடும். ஹாமரை அணைத்து, மெதுவாக, நீள பிளக் போட வேண்டும். வந்த ஆள் ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஒரு கைப்பிடி அளவு சுவரைப் பெயர்த்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். அதற்கு அப்புறம்தான் நானே செய்யத் தொடங்கினேன்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். என் அப்பா ஓடாவி. பாம்பன் கரையில் வள்ளமும் விசைப்படகும் பழுது பார்த்தவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் அவருக்கு வேலை குவியும், ஏப்ரல் 15-இலிருந்து. முன்பு 45 நாள், 2017-இலிருந்து 61 நாள். ஆணி அடிக்கும் முன் பலகையில் ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துவிடும். சின்ன வயதில் அவர் கைத்துரப்பணம் பிடித்து நான் பார்த்திருக்கிறேன். பிறகு மின்சார டிரில் வந்தது. டீக்கடையிலிருந்து கரைக்கு மூன்று இடத்தில் ஒட்டுப் போட்ட வயர். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பார். ஒரு நாள் ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழுந்தார். தோள் அதற்கு அப்புறம் பழையபடி தூக்க வரவில்லை. 2014-இல் கடன் வாங்கித்தான் வயர் இல்லாத டிரில் வாங்கினார், இரண்டு பேட்டரியோடு. ஒன்று கையில், ஒன்று டீக்கடையில் சார்ஜில். ஒரே பேட்டரி இருந்தால் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் பேட்டரி முனைகளைத் துடைப்பார், பிட்டைப் பிடிக்கும் சக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார், வெயிலில் வைக்கவே விடமாட்டார்.

அந்த மெஷினில் நான் போன வருஷம் வாங்கிய பேட்டரி இன்றும் பொருந்துகிறது. பேட்டரியைப் பாருங்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. மெஷின் ஓடுகிறது.

கைத்தொழில்காரன் மகள் சொன்னதை அண்ணன் கேட்கவில்லை என்பதில்கூட எனக்கு வருத்தமில்லை. படித்தவர், சம்பாதிக்கிறவர், அவர் காசு, அவர் வீடு. ஆனால் கேட்காமல் வாங்கிவிட்டு, கெட்டதும் என் பெயரைச் சொன்னாரே. ஒரு ஆண் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தில் அப்படிக் கையைக் காட்டியிருப்பாரா? அங்கே நின்ற சித்தப்பா ஒருவர், "பொம்பளைகிட்டப் போய் ஏன் கேட்டே?" என்று சிரித்தார். எட்டு ஓட்டையும் போட்டு முடித்து, சிமென்ட் தூசியோடு நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். குரல்பதிவை மறுபடி அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். மற்ற அறை வேலையும் முடித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்தீர்களே, அது அப்பாவின் டிரில். சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து. மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைத்திருந்தால் இப்போதே கீழே இறக்கி வையுங்கள்.