ஒரே ஒரு வேன்

போன வியாழன் ராத்திரி எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. நாலு வீடு தள்ளி நிறுத்தியிருந்த காரின் பானட்டை நெம்பித் திறந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் அவசர எண் 10111க்கு அடித்து இரண்டரை மணி நேரம் ஆகியும் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. "ஸ்டேஷனில் கால் நீட்டித் தூங்குகிறார்கள், நம் வரிப் பணத்தில் சம்பளம்" என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்.

திட்டியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் வண்டி எடுத்தால்தான் அவருக்குப் பிழைப்பு. ஆனால் அதே ராத்திரி என் வீட்டுக்காரர் வேறொரு ஸ்டேஷனில் ட்யூட்டியில் இருந்தார். அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். குழுவில் சண்டை வேண்டாம் என்று இங்கே எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எந்த ஸ்டேஷன், எந்த வழக்கு என்பதெல்லாம் இதில் இருக்காது.

நான் மன்னார்குடிக்காரி. 2009இல் கோயில் தமிழ் வகுப்புக்குப் பாடம் சொல்லித்தர தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வந்தேன். இங்கேயே கல்யாணம் ஆகி, இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர் இருக்கும் சாட்ஸ்வர்த் பகுதியில் தங்கிவிட்டேன். அவர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் நாலாவது தலைமுறை. போலீஸில் சார்ஜன்ட். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை, அல்லது காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வேலை. பன்னிரண்டு மணி நேரம் என்பது பேப்பரில்தான். கடைசி வழக்கை எழுதி முடிக்காமல் எழுந்து வர முடியாது.

அந்த வியாழன் அவர் ஷிஃப்டுக்கு மூன்று வேன் இருந்திருக்க வேண்டும். ஒன்று கிளட்ச் போய் ஆறு வாரமாக கராஜில் நிற்கிறது. இன்னொன்று நன்றாக ஓடும், ஓட்டத்தான் ஆள் இல்லை. லைசன்ஸ் மட்டும் இருந்தால் இங்கே அரசு வண்டியைத் தொட முடியாது, அதற்குத் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மிச்சம் ஒரே ஒரு வேன், அதில் இரண்டு பேர். ஏழரை மணிக்கு ஒருவரைச் சாலையோரத்தில் சுட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று தகவல் வந்தது.

கொலை நடந்த இடத்துக்கு முதலில் போகிற போலீஸ் அங்கிருந்து நகரக் கூடாது. டேப் கட்ட வேண்டும். தோட்டா உறையை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துப்பறியும் ஆள், படம் எடுக்கிறவர், கைரேகை எடுக்கிறவர் எல்லோரும் வந்து போன பிறகு பிணவண்டி வர வேண்டும். பிணவறை 2006 முதல் போலீஸ் கையில் இல்லை, சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. அந்த வண்டிக்கும் அன்று வேறு பிணங்கள் இருந்தன. 2023-24 கணக்கில் இந்த நாட்டில் 27,000க்கும் மேற்பட்ட கொலைகள். நாளைக்கு எழுபத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வேன் ராத்திரி முழுக்கக் கட்டிப்போட்டது மாதிரி நிற்கிறது.

செத்தவனின் அம்மா டேப்புக்கு இந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்திருந்தாராம். பிள்ளையின் முகத்தில் மண் ஒட்டியிருக்கிறது, துடைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று தன் முந்தானைத் துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாராம். விட முடியாது. படம் எடுக்கிறவர் வரும்வரை மூன்று மணி நேரம் அந்த அம்மாவைத் தடுத்துக்கொண்டு நின்றவர் இவர். ஜூலுவில் அம்மாவை 'மாமா' என்பார்கள். "அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், வேற என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். பக்கத்தில் ரேடியோ கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு வீட்டுக்குள் அடிதடி, ஒரு கடையில் அலாரம், ஒரு கார் பேட்டரி. பேட்டரி உயிர் போகிற காரியம் இல்லை. அதனால் வரிசையில் பின்னால் போகும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. 10111 அடித்தால் மணி ஒலிப்பது உங்கள் பக்கத்து ஸ்டேஷனில் இல்லை. அழைப்பு மையம் ஒன்று எடுத்து, எழுதி, ரேடியோவில் சொல்லி, அதற்குப் பிறகுதான் வேனுக்கு வரும். "பத்து நிமிஷத்தில் வருவார்கள்" என்று மையத்தில் ஒருவர் வாக்குக் கொடுத்திருப்பார். அந்த வாக்கு வேனில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து இறங்குகிறவர் முகத்தில்தான் எல்லாக் கோபமும் விழுகிறது. வேன் ஏன் தாமதமாக வருகிறது என்பதை முடிவு செய்கிறவர்கள் வேனில் உட்கார்ந்திருப்பதில்லை. எனக்கு ஆற்றாமை எல்லாம் இதில்தான்.

உடனே தனியார் பாதுகாப்பு கம்பெனி ஆட்களை ஒப்பிடுவார்கள். அவர்கள் ஐந்து நிமிடத்தில் துப்பாக்கியோடு வந்து நிற்கிறார்களே, என்பார்கள். வருகிறார்கள், உண்மைதான். பல உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் 6 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு, ஆபீஸ் ஆட்களையும் சேர்த்துப் போலீஸில் இருப்பவர்கள் சுமார் 1,80,000 பேர். தனியார் காவலர்கள் 5 லட்சத்துக்கு மேல். அவர்கள் வந்து திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடலாம். வாக்குமூலம் எழுத வேண்டாம், ஆஸ்பத்திரியில் காயம்பட்ட கைதி பக்கத்தில் காவல் இருக்க வேண்டாம், பிணவண்டிக்குக் காத்திருக்க வேண்டாம். பிடித்தவனை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தாவிட்டால் பதில் சொல்ல வேண்டியது போலீஸ்தான். மாதச் சந்தா கட்ட முடியாத வீட்டுக்கும் போலீஸ்தான் போயாக வேண்டும்.

சரி, ஸ்டேஷனுக்குள் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? ஜனவரியில் போய்ப் பாருங்கள். பள்ளிக் கடைசி வகுப்பான மெட்ரிக் ரிசல்ட் வந்ததும் வாசல் வரை வரிசை நிற்கும். எல்லோர் கையிலும் அடையாள அட்டை நகல், சான்றிதழ் நகல். இங்கே போலீஸ்காரர் சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரியும் கூட. அதனால் வேலை கேட்டு விண்ணப்பம் போடும் ஏழைப் பிள்ளைகள் எல்லோரும், நகல் அசலைப் போலத்தான் இருக்கிறது என்று இலவசமாக முத்திரை வாங்க வருவது ஸ்டேஷனுக்குத்தான். முத்திரை, கையெழுத்து, தேதி, மறுபடி முத்திரை. நடுவில் செல்போன் தொலைத்தவர் வழக்கு எண் கேட்பார், இன்ஷூரன்ஸுக்கு. அதே வரிசையில், உதடு கிழிந்து, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் ஐந்தாவது ஆளாக நின்றுகொண்டிருப்பாள். முத்திரை குத்துகிறவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தால் பிழைத்தாள். என் வீட்டுக்காரர் கவுன்ட்டரில் இருக்கும் நாட்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து வரிசையைப் பார்த்துவிட்டு வருவாராம். அப்படிப் பார்க்காதவர்களும் உண்டு. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டு வன்முறைக்கு 1998லேயே நல்ல சட்டம் போட்டார்கள். வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். அவளுடைய உரிமைகளை அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், தங்க இடமும் வைத்தியமும் கிடைக்க உதவ வேண்டும். இதெல்லாம் போலீஸின் கடமை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, பிள்ளைகளோடு வரும் பெண்ணை ஏற்றுக்கொள்ள இடம் இருக்கிறது என்று சொல்லும் காப்பகத்தைத் தேடி ஒவ்வொரு எண்ணாக அடிப்பது ஒரு கான்ஸ்டபிள், பல நேரம் தன் சொந்த போனில், தன் சொந்த ஏர்டைமில். ஒரே வீட்டுக்கு ஏழு தடவை போயிருக்கிறார் இவர். ஏழாவது தடவை அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை இவரைப் பார்த்ததும் தானாகவே போய் ஸ்கூல் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றதாம், கிளம்புவதற்கு. அன்று வீட்டுக்கு வந்து நம் பையனின் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் எங்கள் கோயில் ஆயா ஒருவர் கதை. அவரே என்னிடம் சொன்னது, எழுதிக்கொள் என்றும் சொன்னார். சாட்ஸ்வர்த்தில் 'சுகர்ஸ்' என்று ஒரு சனியன் இருக்கிறது. ஹெராயினில் கண்டதையும் கலந்து விற்பது. இருபது வருடமாகப் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆயாவின் மகன் அதில் விழுந்தவன். முதலில் பாத்திரங்கள் போயின, பிறகு தண்ணீர்க் குழாய். கடைசியில் சாமி அறையிலிருந்த பித்தளைக் குத்துவிளக்கு. அவருடைய பாட்டி கையால் ஏற்றிய விளக்கு. புரட்டாசிக்கு இரண்டு வாரம் இருந்தது. இங்கே புரட்டாசி என்றால் வீடு முழுக்கக் கழுவி, மாதம் முழுக்கக் கறி சமைக்காமல், விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வார்கள்.

ஆயா ஸ்டேஷனுக்குப் போனார். விளக்கு காணோம் என்று எழுதிக் கொடுத்தார், யார் எடுத்தது என்று சொல்லவில்லை. கான்ஸ்டபிள் பொடியன் ஒருவன் விடாமல் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினான். விற்றவர் யார் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், 2009ஆம் ஆண்டுச் சட்டம். மூன்றாவது கடையில் விளக்கும் இருந்தது, பதிவேட்டில் மகன் பெயரும் இருந்தது. தண்டு வளைந்திருந்தது, மேலே இருந்த அன்னம் உடைந்து போயிருந்தது. பையனைக் கைது செய்யப் போன அன்று ஆயா வாசலில் குறுக்கே நின்று, வழக்கு வேண்டாம், என் விளக்கை மட்டும் கொடுங்கள் என்று அழுதிருக்கிறார். விளக்கு அதற்குள் சான்றுப் பொருள் ஆகிவிட்டது. எண் போட்ட அட்டையைக் கட்டிச் சான்று அறையில் வைத்தாகிவிட்டது. அரசு வழக்கறிஞர் சம்மதிக்காமல் எடுக்க முடியாது. புரட்டாசி முழுக்க ஆயா அகல் விளக்கில் சமாளித்தார். கேஸ் கடைசியில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. விளக்கு மாசி மாதம் கைக்கு வந்தது.

இதில் அந்தப் பொடியன் செய்த தப்பு என்ன? மூன்று கடை ஏறி இறங்கிய உழைப்பு யார் கணக்கில் எழுதப்பட்டது? தெருவில் கேட்டால் "போலீஸ் ஆயாவின் விளக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டது" என்பார்கள். அவன் காதில் விழுந்ததும் அதுதான்.

லஞ்சம் வாங்குகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். "கூல் டிரிங்க் காசு" என்று கை நீட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். டாக்கெட், அதாவது வழக்குக் கோப்பு, காணாமல் போவதும் நடக்கிறது. அவர்களை உள்ளே தள்ள வேண்டும், அதில் என் வீட்டுக்காரருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. பழைய காயமும் இருக்கிறது. என் மாமியார் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் குடும்பத்தை, டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாராக்ஸிலிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டார்கள். நிறவெறிக் காலத்துப் போலீஸை அவர் மறக்கவில்லை. 1995இல் சட்டம் மாறி, போலீஸின் பெயரில் 'சேவை' என்று சேர்த்தார்கள். மகன் யூனிபார்ம் போட்டு வந்த அன்று அவர் சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லையாம். 2021 ஜூலைக் கலவரத்தில் 350க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், டர்பன் பக்கத்தில் இந்தியர்கள் நிறைய இருக்கும் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர். நம் ஆட்கள் சாலையை மறித்து, தோல் நிறம் பார்த்து ஆளை அடித்துக் கொன்ற இடம் அது, அதை நாம் மூடி மறைக்கக் கூடாது. மக்களைக் காப்பாற்ற அன்று போலீஸால் முடியவில்லை. மேலே இருந்தவர்களிடம் திட்டம் இல்லை, ஆளும் போதவில்லை. என் வீட்டுக்காரர் நாலாம் நாள் வீட்டுக்கு வந்து, காலிலிருந்து பூட்ஸைக் கழற்ற முடியாமல், என்னைக் கத்திரிக்கோல் எடுத்துவரச் சொன்னார்.

நான் கேட்பது இதுதான். போலீஸும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேச, சமூகக் காவல் மன்றக் கூட்டம் என்று ஒன்று நடக்கிறது. எங்கள் தெருக் குழுவில் முந்நூறு பேர் இருக்கிறோம், போன கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அங்கே போய் ஸ்டேஷன் கமாண்டரை எழுந்து நின்று கேளுங்கள்: எத்தனை வேன் ஓடுகிறது, எத்தனை கராஜில் கிடக்கிறது, எத்தனை பேருக்கு ஓட்டும் அனுமதி இருக்கிறது? பதிலை எழுதி வாங்குங்கள். மாகாண மந்திரிக்கு அனுப்புங்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் கோர்ட்டுக்குப் போங்கள். ட்யூட்டி முடிந்து வருகிற போலீஸ்காரர்களைத் துப்பாக்கிக்காகவே சுடுகிற ஊர் இது. இவர் யூனிபார்ம் தெரியாமல் மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறார், டிசம்பர் வெயிலிலும்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தபோது எட்டே முக்கால். டீ குடித்துக்கொண்டே அந்தக் குரல் பதிவைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பழைய காரின் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போனார். அதை மாட்டிக் கொடுத்து, வழக்கு எண் வாங்க என்னென்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது பதினொன்று ஆகிவிட்டது. மறுபடி ஆறு மணிக்கு ட்யூட்டி. நாலரைக்கு எழுப்பு என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.