உதவி போன திசை வேறு

"எல்லை தாண்டிய பெண்ணிய உதவியில் அமெரிக்கா கொடுக்கும், மெக்சிகோ வாங்கும்" என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கருக்கலைப்பு விஷயத்தில் நடந்தது தலைகீழ். மெக்சிகோவின் குவானஹுவாட்டோ மாநிலத்தில் 2000இல் தொடங்கிய 'லாஸ் லிப்ரெஸ்' அமைப்பு, அங்கே சட்டம் தடுத்த காலத்திலேயே பெண்களுக்குத் துணை நின்றது. கருக்கலைப்பு மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. வலி கூடினாலோ, இரத்தப்போக்கைப் பார்த்துப் பயந்தாலோ செய்தி அனுப்பலாம். மறுமுனையில் ஒருத்தி பதில் சொல்வாள். 'உடனிருத்தல்' என்றே அதைச் சொல்கிறார்கள்.

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் சுமார் ஆறு வாரத்துக்குப் பிறகான கருக்கலைப்பைத் தடுத்தது. 2022 ஜூனில், கருக்கலைப்பு உரிமையை நாடு முழுக்க உறுதிசெய்திருந்த ரோ தீர்ப்பையே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் அமெரிக்கப் பெண்களுக்கு மாத்திரை அனுப்பியவர்கள் இதே மெக்சிகோப் பெண்கள்தான், அதுவும் காசு வாங்காமல். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.