பட்டா மாறும் வரை காத்திருந்த தையல் இயந்திரங்கள்

என் சித்தப்பா மகன் காலணித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவன். ஆம்பூரில் ஒரு தொழிற்சாலையின் தையல் பிரிவில் எட்டு ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, பேரணாம்பட்டில் சொந்தமாக ஜாப் ஒர்க் எடுக்கலாம் என்று ஆறு பழைய இயந்திரங்களை வாங்கினான். வங்கிக் கடனுக்கு மனையை அடமானமாகக் காட்ட வேண்டும். பட்டாவோ இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் சேர்த்துக் கொடுத்த பிறகும், சர்வேயர் வந்து சங்கிலி பிடிப்பதற்குள் ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் ஆர்டர் தருவதாகச் சொன்னவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

வளரும் நாடுகளின் பொருளாதாரம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. கல்வியும் உடல்நலமும் மக்களிடம் போடப்படும் முதலீடு என்று வாதிட்ட தியடோர் ஷூல்ட்ஸ் 1979இல் நோபல் பரிசு பெற்றார். சொத்துரிமை, நீதி, ஆட்சிமுறை ஆகியவற்றின் தரமே நாடுகளின் வளத்தைத் தீர்மானிக்கிறது என்ற அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் 2024இல் பெற்றார்கள். தம்பியிடம் முதலாவது இருந்தது. இரண்டாவது தாலுகா அலுவலகத்தில் ஏதோ ஒரு கட்டுக்குள் கிடந்தது.

இரண்டும் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நாங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. 1900இல் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் எங்கள் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை, அதாவது இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை, 1909இல் செவிலியர் பள்ளியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தியது. படிப்பு முடித்தவர்கள், தங்களைப் பரிந்துரைத்து அனுப்பிய மிஷன் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் வேலை செய்தாக வேண்டும் என்ற ஏற்பாடு, தொடங்கியவர் காலத்துக்குப் பிறகும் நீடிக்கிறது; ஒருவரின் நல்ல மனசை மட்டும் நம்பியிருந்தால் அது எப்போதோ நின்றிருக்கும். இன்று வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் தேடி வருவதால், காந்தி ரோட்டில் லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் வங்காளத்தில் பெயர்ப்பலகை எழுதியிருக்கிறார்கள். மீன்குழம்பில் கடுகெண்ணெய் ஊற்றக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டோம்.

பாலாறு இதற்கு நேர் எதிர். தோல் பதனிடுவதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த கைகள் இங்கே உண்டு. ஏற்றுமதியில் அந்நியச் செலாவணியும் வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற சட்டமும் முன்பே இருந்தது. அதைச் செயல்படுத்தாததால் கிணறுகள் கெட்டு, வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு குறித்து 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இந்த இடைவெளிக்கு அறியாமையைக் காரணம் சொல்ல என்னால் முடியவில்லை. உப்பேறிய நிலத்தில் நெல் வராது என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும்.

தம்பியின் பட்டா ஒருவழியாகப் பெயர் மாறி வந்துவிட்டது. ஆறு இயந்திரங்களில் நான்கை அதற்கு முன்பே விற்றுவிட்டான். பழைய தொழிற்சாலைக்கே சூப்பர்வைசராகத் திரும்பியும் போய்விட்டான்.