ஜிகர்தண்டாவைத் துறந்தால் வீடு வருமா?

'நாளும் 100 ரூபாய் டீக்கும் ஜிகர்தண்டாவுக்கும் செலவழிக்காமலிருந்தால், பத்தாண்டில் மதுரையில் வீடு வாங்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. அந்தச் சேமிப்பு ஆண்டுக்கு 36,500 ரூபாய். 7 சதவீத வட்டி சேர்த்தாலும் பத்தாண்டில் சுமார் 5 லட்சம்தான். ஒத்தக்கடைப் பக்கம் 40 லட்சத்துக்கு ஒரு தனிவீடு என்று வைத்துக்கொண்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி அதிகபட்சம் 80 சதவீதமே கடனாகக் கிடைக்கும் என்பதால், கைப்பணம் 8 லட்சமும், முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 3.6 லட்சமும் வேண்டும். பத்தாண்டுக்குப் பிறகும் இதே விலையில் வீடு காத்திருக்கும் என்பது அச்செய்தியின் இன்னொரு கற்பனை. சிக்கனம் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே தடையாக இருப்பது டீக்கடைக் கணக்கல்ல, சம்பளத்துக்கும் மனை விலைக்கும் உள்ள இடைவெளி.