பாலாற்றை வைத்து ஷூ விற்கிறவர்களுக்கு

அந்த வீடியோவை இன்னும் எனக்கு அனுப்பாதவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஒரு ஷூ பிராண்டின் விளம்பரம். தோல் பதனிடும் ஆலைக் கழிவால் கெட்ட எங்கள் பாலாற்று மணலில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஒரு பெண் நடக்கிறார், பின்னால் வீணை ஒலிக்கிறது, கீழே "ஆற்றைக் கொல்லாத காலணி" என்று எழுத்து ஓடுகிறது. "உங்க ஊரு ஆறு, உங்க தொழிலு, நீ ஏன்க்கா வாயே திறக்கலை?" என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். சரி, திறக்கிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் சாம்பிள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு ஷூ ஊரை எவ்வளவு நாசம் செய்யும் என்பதில் பாதிக்கு மேல், அதை வரைகிறவர் பேப்பரில் பென்சில் வைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. எந்தப் பொருள், எத்தனை பொருள், தையலா பசையா, பிய்ந்தால் பிரிக்க முடியுமா முடியாதா, எல்லாம் அங்கேதான். ஊரில் ஓடும் கழிவு அதற்குப் பிறகு வருவது.

அந்த வெள்ளை ஷூவையே எடுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன போட்டிருக்கிறோம் என்று அவர்கள் வலைப்பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பாலியஸ்டர் துணி, மேலே பாலியூரித்தேன் பூச்சு, அடியில் ஈவிஏ என்ற நுரை பிளாஸ்டிக் சோல், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது பசை. தோல் இல்லை, தோலைப் பதனிடப் போடும் குரோமியமும் இல்லை. உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொத்தமும் பெட்ரோலியத்திலிருந்து வந்த சமாச்சாரம். பாலியூரித்தேன் பூச்சு நம் ஊர் ஈரக் காற்றில் பீரோவுக்குள் சும்மா கிடந்தாலே சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். ஈவிஏவை ஒருமுறை வார்த்துவிட்டால் மறுபடி உருக்கி வார்க்க வராது. பசை போட்டு ஒட்டிய மூன்று பொருளை யாரும் உட்கார்ந்து தனித்தனியாகப் பிரிக்கப் போவதில்லை. கடைசியில் போய்ச் சேருமிடம் குப்பை மேடு. அது பாலாற்றங்கரையிலும் இருக்கிறது, வீடியோ எடுத்தவர்கள் கேமராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும்.

2013-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓட்டப்பயிற்சி ஷூ ஒன்றைக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு ஜோடிக்கு 65 பாகங்கள், 360-க்கும் மேற்பட்ட வேலைகள், சுமார் 14 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தயாரிப்பில் வருவது. 65 பாகம் வேண்டும் என்று யார் கேட்டது? தைக்கிற அக்காவா கேட்டார்?

சாம்பிள் ரூமில் நடந்த ஒன்று. எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியிலிருந்து ஒரு டிசைனர் வந்திருந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் சாக்லேட் எல்லாம் கொண்டு வந்தார். நாங்கள் சோலைச் சுற்றித் தைத்து வைத்திருந்த மாடலைப் பார்த்து, ஓரம் கனமாகத் தெரிகிறது, தையல் வேண்டாம், ஒட்டிவிடுங்கள் என்றார். அடுத்து தோலைப் பார்த்தார். மாடு என்றால் உண்ணி கடித்திருக்கும், முள்வேலியில் கீறியிருக்கும், தழும்பு இருக்கத்தான் செய்யும். ஒரு தழும்பும் கூடாது, ஜோடிக்கு ஜோடி ஒரே நிறம் வேண்டும் என்றார். அப்படி வேண்டுமென்றால் தோலின் மேல்பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, பிக்மென்டும் பிளாஸ்டிக் பூச்சும் தடிமனாகப் போட வேண்டும். எங்கள் கட்டிங் மாஸ்டர் என் காதருகே வந்து, "இனிமே மாட்டுக்கு பவுடர் போட்டுத்தான் வளர்க்கணும்மா" என்றார். இதெல்லாம் முடிந்து விலையில் அரை டாலர் குறைக்கச் சொன்னார்கள். ஷூவோடு தொங்கவிட வந்த அட்டையில் பச்சை இலை படம். அந்த இலையை நானே என் கையால் கட்டியிருக்கிறேன்.

இப்போது வருவார்கள், தெரியும். "அப்போ தோல் ஷாப்புக்காரனுக்கு வக்காலத்தா?" என்று. தோல் ஷாப்பு என்றால் டேனரி, தோல் பதனிடும் ஆலை.

என்னிடம் கேட்கிறீர்களா அதை? என் அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தென்னை காய்ப்பு நின்று மட்டை காய்ந்து ஒவ்வொன்றாகப் போனதை வீட்டிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். பாலாற்றங்கரையில் பிறந்து, மேட்டூர் பக்கத்திலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறோம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் டேனரிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்றைக்கு யாரும் வீணை வாசிக்கவில்லை.

டேனரிகள் மேல் வழக்குப் போட்டதும் வேலூர்க்காரர்கள்தான். 1996-இல் உச்ச நீதிமன்றம் "கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும்" என்று சொன்னது எங்கள் வழக்கில். சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் பாடம். 2001-இல் 29,000-த்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்குப் போட்டார்கள். ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், பத்தாயிரம்கூட இல்லை. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் உட்கார்ந்து, இன்னும் தராத இழப்பீட்டைத் தா, ஆற்றைச் சரிசெய் என்று உத்தரவு போட வேண்டியிருக்கிறது. டேனரிக்காரர்கள் தப்பே செய்யவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? வழக்கமான முறையில் ஊற்றுகிற குரோமில் 60, 70 சதவீதம்தான் தோலில் ஏறும், மீதி தண்ணீரோடு போகும். ராத்திரியில் மழை பெய்தால் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் கெடுத்தவன் பட்டியலை ஒருமுறை படியுங்கள். வாணியம்பாடி இருக்கிறது, பேரணாம்பட்டு இருக்கிறது, மேல்விஷாரம் இருக்கிறது. தழும்பு கூடாது என்றவர் பெயர் எங்கே? அரை டாலர் குறைக்கச் சொன்னவர் பெயர் எங்கே? டேனரிக் கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்று உத்தரவு வந்த பிறகு, ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்கி மூட்டை கட்டி வைக்கிறார்கள். அந்த உப்பை எங்கே போடுவது என்று இன்றைக்கு வரை வழி இல்லை, மூட்டைகள் கிடக்கின்றன. அதற்கு ஆகும் கரண்ட் பில்லில் எந்த பிராண்டாவது ஒரு ரூபாய் பங்கு கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆடிட்டுக்கு மட்டும் ஆள் அனுப்புவார்கள். அந்த ஆளுக்குச் சாப்பாடும் நாம்தான் வாங்கித் தர வேண்டும்.

"மக்கள் மலிவாத்தான் கேக்குறாங்க" என்பவர்களுக்கு: அந்த வெள்ளை ஷூ விலையைப் போய்ப் பாருங்கள். அவ்வளவுதான் பதில்.

மாட்டைக் கொல்லக் கூடாது என்பதற்காகத் தோலை விட்டவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது உங்கள் மனசு. பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் என்று சொல்லிவிட்டு விற்கச் சொல்கிறேன், அதற்கே கோபம் வருகிறது.

"சும்மா குத்தம் சொல்லாம வழி சொல்லு" என்று ஒரு தம்பி. ஏன், வழிக்கா பஞ்சம்? குரோமியமே இல்லாமல் ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டது நம் பக்கம்தான். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று புவிசார் குறியீடுகூட வாங்கியிருக்கிறோம். (அதிலும் கழிவுநீர் வரும், சுத்திகரிக்கத்தான் வேண்டும். ஆவாரம்பூ போட்டோ போட்டு அதையும் விற்க ஆரம்பித்துவிடாதீர்கள்.) அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் குரோம் ஏற்றும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. தழும்போடு தோலை வாங்கு. சோலைத் தைக்கச் சொல். 65 பாகத்தை 20 ஆக்கு. இதற்கெல்லாம் வரைகிறவர் மனசு வைக்க வேண்டும், விலை போடுகிறவர் அதைவிட அதிகமாக வைக்க வேண்டும்.

பிரான்சில் 2023-லிருந்து பழைய ஷூவைப் பழுது பார்த்தால் அதற்கென்று ஒரு நிதியிலிருந்து கூலியில் தள்ளுபடி. இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் இந்த மாதிரி ஷூவைக் கொண்டு போனால், "இதுல ஊசி போட்டா நூலே அறுத்துக்கும்மா, தூக்கிப் போடு" என்கிறார். அவர் பிழைப்பிலும் சேர்த்துத்தான் மண் விழுகிறது. ஆனால் அவர் எந்த வீடியோவிலும் வரமாட்டார். நாங்களும் வரமாட்டோம். எங்கள் ஆறு மட்டும் வரும், அதுவும் தண்ணீர் இல்லாமல் மணலாக இருப்பதால், அழகாக இருக்கிறது என்று.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்தால் ஆதாரம் காட்ட வேண்டும். அதனால் அவர்கள் பதிவின் கீழே மரியாதையாக இரண்டு கேள்வி கேட்டேன். ஆற்றைக் கொல்லாது என்பதற்கு ஆதாரம் என்ன, சோல் பிய்ந்தால் எங்கே கொடுத்துச் சரிசெய்வது. ஒரு மணி நேரத்தில் கமெண்டைக் காணோம். மறுபடி போட்டிருக்கிறேன். இந்த முறை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.