இருபத்தைந்து காசு

"ஆன்ட்டி, ஒரு பில்லுக்கு 25 காசுக்கு மேல் வாங்கமாட்டோம்."

"25 காசுக்கு உன் கடையில் என்ன இருக்கிறது? கறிவேப்பிலைக் காம்புகூடக் கிடைக்காதே?"

"அந்தக் காசு இல்லை, இந்தக் காசு. எண்ணிக்கையில் 25. 2020-இல் மலேசியாவில் வந்த நாணயச் சட்டம்."

"அப்படியா? பத்துக் காசு எத்தனை காசு?"

"ஒரு காசு. ஐம்பது காசும் ஒரு காசுதான்."

"பள்ளிக்கூடம் போனாயா தம்பி?"

"ஆன்ட்டி..."

"சரி. பத்துக் கிலோ அரிசி 26 வெள்ளி (ரிங்கிட்). இந்த மைலோ டின் முழுக்கப் பத்துக் காசு. இருபத்தைந்து கொடுத்தால் இரண்டரை வெள்ளி. பதினொரு பில் போடு."

"மூட்டையைப் பிரிக்க முடியாது. பேங்கில் காசு போடுகிற மெஷின் இருக்குமே?"

"காலையில் அங்கேதான் இருந்தேன். மெஷின் ரோசாக், கெட்டுப்போய்விட்டது. கவுண்டரில், 'தனித்தனியாகப் பிரித்துப் பொட்டலம் கட்டிப் புதன்கிழமை வாருங்கள், அவசரமென்றால் ரவாங் போங்கள்' என்றாள் அந்தப் பெண். பெர்ஜுந்தையிலிருந்து ரவாங்குக்கு டாக்சி யார் கொடுப்பது?"

(பெர்ஜுந்தையின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடம். ஆன்ட்டிக்கு யாரும் சொல்லவில்லை போலும்.)

"டாக்சிக்காரரும் 25 காசுக்கு மேல்..."

"வாயை மூடிக்கொண்டு எண்ணு."

"இது என்ன, மஞ்சளாகக் கிரிஸ் கத்தி போட்டது? ஒரு வெள்ளிக் காசா? 2005-லேயே செல்லாமல் போய்விட்டதே!"

"என் வீட்டுக்காரர் போட்டு வைத்தது. அவரும் அந்த வருடம்தான் போனார்."

"..."

"கல்லாவில் ஏதோ ஒட்டியிருக்கிறாயே, படி."

"'சில்லறை கொடுத்து உதவவும்.'"

"உதவத்தானே வந்தேன்? முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினேன். சம்பள நாளில் தோட்டத்துக் கணக்கர் கிராணி அந்தப் பிடித்தம், இந்தப் பிடித்தம் போக மிச்சத்தைச் சில்லறையாகத்தான் கையில் கொட்டினார். 25-க்கு மேல் வாங்கமாட்டேன் என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்."

"சரி ஆன்ட்டி, டின்னை இங்கேயே வையுங்கள். எண்ணி எடுத்துக்கொள்கிறேன், முதலாளி தவுக்கே வருவதற்குள்."

"அந்த இரண்டு தேங்காயையும் சேர்த்துப் போடு."

"தேங்காய்க்குப் பை வேண்டுமா? இருபது காசு."

"எந்தக் காசு?"