இந்தத் தேயிலைப் பைக்கற்றுகளில் எழுதுவதெல்லாம் ஓர் எழுத்தா?

நுவரெலியாவிலிருந்து பண்டாரவளை வரைக்கும் எந்தத் தேயிலைக் கடையில் பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தாலும் ஒரே இங்கிலீஷ்: ‘பிரீமியம் குவாலிட்டி, பெஸ்ட் டேஸ்ட், குட் ஃபோர் ஹெல்த்.’ பார்த்தாலே வயிறு எரிகிறது! ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். மழையிலும் பனியிலும் நின்று ஆய்ந்த அந்தக் கொழுந்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதானா கிடைத்தது?

இலக்கணப் பிழை என்று நினைத்து இங்கிலீஷ் டீச்சரிடம் கொண்டுபோய்த் திருத்துகிறார்கள். பிழை போகும், வசனம் அப்படியே செத்துக் கிடக்கும். உள்ளே விஷயமே இல்லையே! எந்த உயரம், எந்தத் தரம், எந்த மாதம் ஆய்ந்தது, எத்தனை நிமிடம் ஊறவேண்டும்? வாங்குகிறவருக்கு வேண்டியது இதுதான்.

‘ஹை குரோன்’ என்று மட்டும் போட்டால் வெளிநாட்டுக்காரருக்கு என்ன விளங்கும்? 4,000 அடிக்கு மேல், குளிரில் மெதுவாக வளர்ந்த கொழுந்து, அதனால் சாயம் இளசு, வாசம் தூக்கல் என்று காரணத்தோடு சொல்லுங்கள். டிம்புள்ள வட்டாரத் தேயிலை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவா வட்டாரம் என்றால் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் ஆய்ந்ததுதான் உச்சம். அந்தப் பருவத்துத் தூள் கையில் இருந்தும் எழுதாமல் விடுவது அநியாயம்.

அதைவிடக் கொடுமை, ஊறவைக்கும் குறிப்பு ஒன்றையே எல்லாப் பைக்கற்றுக்கும் ஒட்டுவது. பிஓபிஎஃப் என்ற பொடித் தரம் மூன்று நிமிடத்தில் சாயம் இறக்கிவிடும். ஓபி என்ற முழு இலைத் தரத்துக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். இரண்டுக்கும் ‘ஃபைவ் மினிட்ஸ்’ என்று அச்சடித்தால் பொடி கசக்கும். வாங்கியவர் தேயிலையைத்தான் திட்டுவார்.

வசனம் அமைப்பதும் பெரிய வித்தையில்லை. தமிழில் நினைத்து நீட்டி முழக்கி, ‘திஸ் டீ இஸ் ஹேவிங் அ வெரி நைஸ் ஸ்மெல் அண்ட் இட் வில் கிவ்…’ என்று ‘அண்ட்’ போட்டுக் கோர்க்காதீர்கள். பொருளில் தொடங்குங்கள்: ‘அ லைட், ஃபிராக்ரன்ட் டீ, குரோன் அபவ் 6,000 ஃபீட்.’ முற்றுப்புள்ளி. அடுத்தது கட்டளையாக: ‘யூஸ் 2 கிராம்ஸ் பெர் கப். ஸ்டீப் ஃபோர் 3 மினிட்ஸ் இன் ஃப்ரெஷ்லி பொய்ல்ட் வாட்டர்.’ ‘வெரி’, ‘பெஸ்ட்’, ‘நம்பர் வன்’ எல்லாவற்றையும் வெட்டுங்கள். 6,000 அடி இல்லாத தோட்டம் என்றால் உள்ள உயரத்தைப் போடுங்கள், கூட்ட வேண்டாம்.

‘சீனி வியாதியைக் குணப்படுத்தும்’ என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். உணவுப்பொருள் நோயைத் தீர்க்கும் என்று எழுதுவதை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே தடுக்கிறது. அந்த ஒரு வரியால் சரக்கு துறைமுகத்தில் மாட்டலாம். அந்த இடத்தில் பொதி செய்த மாதத்தை அச்சடியுங்கள்.